விரிசலோரத்து இருக்கை

1

இந்தக் கதைக்குக் காரணம் சலிப்பு. ஆசியா மைனரில் இருந்த பிலதெல்பியாவின் பழைய கிறிஸ்தவ சபையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும், வேதத்தில் அந்தச் சபைக்குச் சொன்ன திறந்த கதவு ஒன்றை வைத்துவிடுகிறார்கள். நான் சுவர் வைத்தேன். நிலம் அடிக்கடி குலுங்கும் ஊர். சுவருக்குப் பஞ்சமில்லை, நேரான சுவருக்குத்தான்.

2

மெல்தினா என்னும் விதவை, பொறுமையின் சிகரமாக

(வேண்டாம். சிகரத்தில் உட்கார்ந்து கம்பளி சீவ முடியாது.)

மெல்தினா கம்பளி சீவுகிறவள். கம்பளித் தொழிலாளர் சங்க விருந்தில் திராட்சைத் தெய்வத்துக்கு மது ஊற்ற மாட்டேன் என்றாள். அவள் சபையார் யாரும் ஊற்றுவதில்லை. அந்த ஊர் வேலைக்கூடங்களில் மதிப்புள்ளவர்களை நல்ல சுவரோரம் உட்காரவைப்பார்கள். சங்கத் தலைவர் கிளைக்கோன் அவளை விரிசல் விட்ட சுவரோரம் மாற்றினார். கூட வேலை செய்தவர்கள் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். பல குளிர்காலங்கள் அவள் அங்கேயே இருந்தாள்.

சகிப்பு என்பது இதுதான். பார்ப்பதற்கு ஒருத்தி கம்பளி சீவுவதுபோலவே இருக்கும். எழுதுகிறவருக்குப் பெரிய தொல்லை.

3

(முதல் முடிவு: நிலம் அதிர்கிறது. நல்ல சுவர் விழுகிறது, விரிசல் சுவர் நிற்கிறது. பிரசங்கம் செய்ய வசதி. நல்ல சுவரோரம் இருந்தவர்களை நினைத்துக் கிழித்துவிட்டேன்.)

4

அந்த விரிசல் சுவருக்கு வெளியே ஊற்று. தண்ணீர் எடுக்க வந்த அடிமைப்பெண் சீரா ஒருநாள் விரிசலில் வாய் வைத்தாள்.

"யக்கா, தனியா யாருகிட்ட பேசிட்டிருக்க?"

"செபம் பண்றேன்."

"பதில் வருதா?"

"இப்பத்தான் வந்துச்சு. யக்கான்னுச்சு."

சீராவை அவள் எசமானி சபைக்கு விடமாட்டாள். குடம் நிரம்பும் நேரம் மட்டும்தான் அவளுடையது. அந்த நேரத்துக்குள் மெல்தினா இயேசுவின் கதையைத் துண்டுதுண்டாகச் சொல்லிவந்தாள்.

5

இந்த இடத்தில் ஒரு கொடியவர் வேண்டும். கிளைக்கோன் ஒத்துழைக்கவில்லை.*

"கொத்தனார் பாத்தாரு. அடுத்த தடவ நிலம் ஆடுனா இந்தச் சுவர் நிக்காதாம். எந்திரிம்மா, அந்தப் பக்கம் வந்து உக்காரு."

"மது ஊத்தணுமாய்யா?"

"ஒண்ணும் ஊத்த வேணாம். உன்ன இங்க மாத்துனதுலருந்து என் வீட்டுக்காரி எங்கிட்ட சரியா பேசுறதில்ல. நீ செத்துட்டா சுத்தமா பேச மாட்டா."

* துன்பத்துக்குப் பழகியவளிடம் பரிவோடு வருகிறவர்தான் ஆபத்தானவர். இதைக் கதைக்குள்ளேயே காட்டியிருக்க வேண்டும்.

6

இரண்டாவது முடிவு: அவள் நகர்கிறாள், உயிரோடு இருக்கிறாள். அதில் பாவம் ஒன்றுமில்லை. சீராவுக்குச் சொல்ல மட்டும் ஆளில்லை.

மூன்றாவது முடிவு: அவள் நகரவில்லை. அப்படியென்றால் நிலம் எப்போது குலுங்கும் என்று நான் முடிவு செய்தாக வேண்டும். அந்த அதிகாரம் எனக்கு வேண்டாம்.

மெல்தினா கூடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கிளைக்கோன் வழிவிட்டு நிற்கிறார். வெளியே குடம் வைக்கும் சத்தம்.

"சீரா, சுவர் விழப்போகுதாம். தள்ளி நில்லு."

"எங்க எசமானி வீட்டுச் சுவர் மட்டும் நிக்குமாக்கும். நேத்து பாதியில விட்டுட்ட. இயேசுவ வெச்ச கல்லறைகிட்ட அந்தப் பொம்பள அழுதுட்டு நின்னா, பின்னாடி தோட்டக்காரர் மாதிரி ஒருத்தர்னு சொன்ன. அப்புறம் என்னக்கா ஆச்சு?"

கூடை இன்னும் மெல்தினாவின் கையில் இருக்கிறது. அதை எந்தச் சுவரோரம் வைப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். குடம் நிரம்பிக்கொண்டிருக்கிறது.