தொண்ணூற்றேழு புள்ளி ஆறு

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல, என் மகளின் நெற்றியில் கொதித்தது. நான்கு வயது. வீட்டில் அவளை வாண்டு என்போம்.

நான் எழுதிய முதல் வரி: "அன்று காலை வாண்டு வழக்கம்போல உற்சாகமாக..."

(பொய். என் தோளில் துவண்டு கிடந்தாள்.)

இரண்டாவது: "நெற்றியைத் தொட்டேன். சுட்டது."

இது உண்மை. ஆனால் மதியத்துக்குள் ஒரு பத்திரிகைக்கு வேறொரு கதை அனுப்ப வேண்டும். மனைவி அதற்குள் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பியிருந்தாள். எழுத்தாளனின் கை எதையும் மிகைப்படுத்தும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் வாண்டுவின் முகத்தில் குளிர்காற்று.

2

குழந்தைகள் காப்பக வாசலில் பொறுப்பாளர் அம்மையார் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டினார். தொடாமலே காய்ச்சல் பார்க்கும் கருவி.

"தொண்ணூத்தேழு புள்ளி ஆறு. நார்மல் சார்."

"கொஞ்சம் சுடற மாதிரி இருந்துச்சு மேடம்..."

"கைக்கு அப்படித்தான் தெரியும். இது மெஷின் சார்."

[இங்கே நான் ஆவேசமாக வாதாடும் ஒரு பத்தி இருந்தது. பிரமாதமாக வந்திருந்தது. நடக்காததால் நீக்கிவிட்டேன்.]

நடந்தது இவ்வளவுதான்: "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டுப் பறந்தேன்.

3

பதினொரு மணிக்குக் காப்பக ஆயாவிடமிருந்து போன்.

"சார், பாப்பா கண்ணே தொறக்க மாட்டேங்குது. அக்குள்ல தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தேன், நூத்திமூணு. உடனே வாங்க."

ஸ்கூட்டரை விரட்டினேன். போய்ச் சேர்ந்தபோது அங்கே விவாதம் நடந்துகொண்டிருந்தது.

"ரெஜிஸ்டர்ல நார்மல்னு இருக்கே!" என்ற பொறுப்பாளர், மறுபடியும் கருவியை நீட்டினார். அதே 97.6. ஆயா அதை வாங்கிச் சுவருக்குக் காட்டினார். 97.6.

"செவுத்துக்கும் காய்ச்சல் இல்ல மேடம்."

பொறுப்பாளர் தன் நெற்றிக்கும் பிடித்துப் பார்த்தார். அதே எண். அவர் முகத்தில் நிம்மதி படர்ந்ததை என்னால் கற்பனைகூடச் செய்திருக்க முடியாது.

4

"காதுல சீழ் கட்டியிருக்கு. மருந்துல சரியாயிடும்" என்றார் டாக்டர். கருவியைப் பற்றிச் சொன்னேன். "நல்ல மெஷினே காத்துல வந்த நெத்தி, வேர்த்த நெத்தின்னா தப்பாக் காட்டும். தூரமாப் பிடிச்சாலும் அப்படித்தான். சந்தேகம்னா அக்குள்ல வெச்சுப் பாக்கணும். பெத்தவங்க சுடுதுன்னா அதையும் காதுல வாங்கணும். காலையில யாரும் சொல்லலையா?"

நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை மிகுந்த ஈடுபாட்டுடன் படித்தேன்.

5

சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. வாண்டு பிஸ்கட் கேட்டாள். மனைவி அவளை மடியில் போட்டுக்கொண்டாள்.

"அந்த மெஷினைத் தூக்கிக் குப்பையில போடணும்!" என்று குதித்தேன்.

"அது கெடக்கட்டும். காலையில நீங்க தொட்டுப் பாத்தீங்களா?"

முடிவு அ: "பாத்தேன். சுட்டுச்சு. கதை முடிக்கணும்னு விட்டுட்டேன்" என்கிறேன். அவள் வாண்டுவைத் தூக்கிக்கொண்டு எழுந்து...

(அதற்குப் பிறகு எழுத எனக்குத் தைரியமில்லை.)

முடிவு ஆ: "பாத்தேனே, ஒண்ணும் தெரியல" என்கிறேன். அவள் நம்பிவிடுகிறாள்.

(இது இன்னும் மோசம்.)

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு தூரம் கூட வந்துவிட்டீர்கள். எனக்காக நீங்களே வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன். கொஞ்சம் சீக்கிரம்.