காதோரம் ஒட்டிய தங்கம்

லிஃப்ட் மெக்கானிக்கின் இடது காதுக்குப் பின்னால் ஒட்டிய தங்கத்தை மூன்று நகைத் தொழிலாளர்கள் இரண்டு நாள் முயன்றும் எடுக்க முடியவில்லை. ஒருவர் மெல்லிய கத்தியால் சுரண்டினார். இன்னொருவர் இடுக்கியால் இழுத்தார். மூன்றாமவர் ஏதோ திராவகத்தைப் பஞ்சில் நனைத்து வைத்தார். அதில் மெக்கானிக்கின் காது மடல் ஒரு வாரத்துக்குத் தக்காளி நிறத்தில் இருந்தது. தங்கம் இருந்தபடியே இருந்தது. கடைசியில் உரைகல்லைக் காதருகே கொண்டுபோய்த் தேய்த்துப் பார்த்து, இருபத்து நான்கு கேரட் என்று மூவரும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதற்கு முன்பு அந்த மூவரும் எதிலாவது ஒத்துப்போனதாகத் தகவல் இல்லை.

தொடக்கம் தேவாலயத்தில். பீடத்துக்குப் பின்னால் உள்ள வளைவுச் சுவர் முழுவதும் தங்க ரேக்கு, அதாவது காகிதத்தைவிட மெல்லிய தங்கத் தாள், ஒட்ட வேண்டும் என்பது பாதிரியாரின் ஆசை. தங்கத்தை மனிதனால் உண்டாக்க முடியாது, கிடைத்தால் பெற்றுக்கொள்ளத்தான் முடியும்; அது துருப்பிடிக்காது, மங்காது; ஆகவே இறைவனின் அருளுக்கு அதுதான் நிறம் என்று இருபது ஆண்டுகளாகப் பிரசங்கம் செய்துவந்தவர் அவர். வேலைக்கு வந்த ரேக்குக்காரம்மா கறாரான ஆள். மூச்சுப் பட்டாலே பறந்துவிடும் பொருள் என்பதால் சன்னல்களை அடைத்தார், மின்விசிறிகளை நிறுத்தினார், தும்மல் வருகிறவர்கள் தெருவுக்குப் போய்த் தும்மிவிட்டு வரலாம் என்றார். அகலத் தூரிகையைத் தன் கன்னத்தில் ஒருமுறை தடவி, அந்தப் பிசுக்கில் ரேக்கை எடுத்து, பசை பாதி காய்ந்த இடமாகப் பார்த்து வைப்பார். வெறும் விரலால் மட்டும் தொடவே மாட்டார். சாரத்துக்கு வாளி ஏற்றும் கப்பி ஒருநாள் சிக்கிக்கொள்ள, மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் கீழே நின்று கயிற்றை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது தூரிகையிலிருந்து ஒரு ரேக்கு நழுவியது. காற்றே இல்லாத அந்தக் கூடத்தில், முகவரி விசாரித்துக்கொண்டு வருகிறவர்போல அது நிதானமாக இறங்கி, முன்வரிசையில் ஜெபித்துக்கொண்டிருந்த இரண்டு பேரைத் தாண்டிப் போய், மெக்கானிக்கின் காதுக்குப் பின்னால் உட்கார்ந்தது.

அடுத்த வாரம் கழுத்தில் ஒன்று வந்தது. அதற்கடுத்த வாரம் தாடையில். அப்போது மெக்கானிக் தேவாலயத்துக்கு இரண்டு மைல் தள்ளி, ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்கு அடியில் உள்ள குழியில், கிரீஸ் வழிய மல்லாந்து படுத்திருந்தார். தன் சுவர் உரிகிறது என்று பயந்த பாதிரியார், ஏணி வைத்து ஏறி முழுவதும் சோதித்தார். ஓர் இடத்திலும் குறையவில்லை. இருபது ஆண்டுகளாக எதைச் சொல்லிவந்தாரோ அது கண்ணெதிரே நடந்தபோது, ஊரிலேயே அதிகமாகக் கலங்கியவர் அவர்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

ஊருக்கு வயிற்றெரிச்சல். செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை, ஒரு விண்ணப்பம்கூட இல்லை. இப்படி ஒருவருக்கு ஒட்டினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? எல்லாம் பசையின் வேலை என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். மறு ஞாயிறு பாதிப்பேர் நெற்றியிலும் கன்னத்திலும் பசை தடவிக்கொண்டு பூசைக்கு வந்தார்கள். நாற்பது ஆண்டுகளாக ஒருநாளும் பூசை தவறாத ஓய்வுபெற்ற தலைமையாசிரியை இரண்டு பூச்சுப் பூசியிருந்தார். அவர் கன்னத்தில் பக்கத்திலிருந்தவருடைய பாட்டுப் புத்தகத்தின் ஒரு தாள் ஒட்டிக்கொண்டது. மற்றவர்களுக்கு ஈ ஒட்டியது.

மெக்கானிக்குக்கும் இதில் துளி சந்தோஷம் கிடையாது. வெயிலிலும் கழுத்துத் துண்டைக் கழற்றாமல் திரிந்தார். வீட்டுக்குப் போனதும் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி ரத்தம் வரவைத்துக்கொண்டார். இந்தத் தங்கம் தனக்கு வந்திருக்கக் கூடாது என்பது மற்ற எவரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு துணி ஆலையின் பழைய சரக்கு லிஃப்ட் கயிறு அறுந்து நான்காவது மாடியிலிருந்து விழுந்தது. உள்ளே துணி உருளைகளோடு இருந்தவர் மெக்கானிக்கின் சொந்த அண்ணன். முந்தின வாரம் அந்த லிஃப்ட்டைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டவர் மெக்கானிக். விசாரணை அறிக்கை கயிற்றின் வயதைக் குறை சொல்லிவிட்டு முடிந்துபோனது. அண்ணன் வீட்டு மாடி அறையில்தான் மெக்கானிக் குடியிருந்தார். கீழே அண்ணி. அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்தும் வேலை. அன்றிலிருந்து அண்ணி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி மாடிப்படிக் கதவில் செருகி வைப்பார். ‘நாளை தண்ணீர் வராது.’ ‘கேஸ் தீர்ந்தது.’ ஆறு ஆண்டுகளில் மிக நீளமான சீட்டு எலிப்பொறியைப் பற்றியது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அண்ணியிடம் இருந்தது. பதில் என்னவாக இருக்குமோ என்ற பயத்தில் அவர் அதைக் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் மெக்கானிக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை.

தங்கச் செய்தி கண்ணாடிக் கடைக்கு எட்டிய அன்று, அண்ணி வேலையைப் போட்டுவிட்டு நேரே தேவாலயத்துக்குப் போனார்.

“அவனுக்கா ஃபாதர்? என் புருஷன் செத்ததுக்கு அவனுக்குத் தங்கமா? எடுத்துடச் சொல்லுங்க.”

“நான் என்னம்மா பண்ணட்டும்? என்னைக் கேட்டுட்டா ஒட்டுது? எனக்கே ஒரு பொட்டு ஒட்டலை,” என்றார் பாதிரியார். அவர் குரலிலும் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது.

சாரத்தின் மேலிருந்து ரேக்குக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

“எதைவச்சு எடுத்துப் பாத்தாங்க?”

“கத்தி, இடுக்கி, திராவகம்,” என்றார் பாதிரியார்.

“கையால யாராச்சும் தொட்டாங்களா?”

யாரும் தொடவில்லை. தங்க ரேக்கை விரலால் தொடக் கூடாது என்று அந்தம்மா சொன்ன சட்டம் ஊர் முழுக்கப் பரவியிருந்ததால், எல்லோரும் கருவியோடுதான் போயிருந்தார்கள்.

“ஏன் தொடக் கூடாதுன்னு சொன்னேன்? தொட்டா கையோட வந்துடும். அதான்,” என்றார் ரேக்குக்காரம்மா.

அண்ணி அங்கிருந்து வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். ஆறு ஆண்டுகளில் முதல்முறையாக மாடிப்படி ஏறினார். மெக்கானிக் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுவதற்குள் அண்ணி கழுத்துத் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, காது முதல் தாடை வரை உள்ளங்கையால் அழுத்தி ஒரே வழியாக வழித்தார். அதை அறை என்றும் சொல்லலாம். தங்கம் வந்தது. கையோடு வந்து விரல்களில் படர்ந்து மணிக்கட்டுவரை ஏறியது. ஆனால் மெக்கானிக்கின் கழுத்தில் இருந்ததும் அப்படியே இருந்தது. அண்ணி அறை மூலையில் இருந்த குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினார், பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தார். போகவில்லை. ஈரக் கையைப் பார்த்தபடி குழாயை மூடினார். பிறகு, திரும்பாமலே கேட்டார்.

“அந்தக் கயிறைப் பாத்தியா?”

மெக்கானிக்குக்கு எந்தக் கயிறு என்று கேட்கத் தேவைப்படவில்லை.

“பாக்கலை அண்ணி. மேல ஏறவே இல்லை. அன்னைக்கு அவசரம். கீழ நின்னே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டேன்.”

சொல்லி முடித்ததும் இருவரும் காத்திருந்தார்கள். இந்தப் பேச்சைக் கேட்ட பிறகு தங்கம் உதிர்ந்துவிடும் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. மெக்கானிக் கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தார். அண்ணி அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் சொட்டியது. கீழே தெருவில் ஒரு பழைய பேப்பர்காரர் கூவிக்கொண்டே போய், திரும்பியும் வந்தார். ஒரு தூள்கூட உதிரவில்லை. அப்போதுதான் அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கணவர் செத்த அன்றுகூட அழாத அளவுக்கு அழுதார். மெக்கானிக்கும் அழுதார். அண்ணியின் கோபம் போகவில்லை. தங்கமும் போகவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் வெகுநாள் ஒன்றாக இருந்தன.

மறுநாள் காலை மெக்கானிக் லிஃப்ட் சோதனை அலுவலகத்துக்குப் போய், தான் கயிற்றைப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். மூடிய கோப்பைத் திறக்க வேண்டிவந்த எரிச்சலில் அதிகாரி இரண்டு முறை யோசித்துக்கொள்ளச் சொன்னார். வழக்கு நடந்தது, ஓராண்டு சிறை, வெளியே வந்தபின் மூன்று ஆண்டுகளுக்கு உரிமம் இல்லை. சிறையில் அவர் அறையில் இருந்த இன்னொரு கைதிக்கு முழங்கையில் தங்கம் வந்ததாகவும், வார்டர் அதைப் பறிமுதல் செய்ய முயன்று தன் கட்டைவிரலிலும் வாங்கிக்கொண்டதாகவும் சொல்கிறார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை அண்ணி பார்க்கப் போவார். முதல் நான்கு மாதம் இருவரும் கம்பிக்கு இருபுறமும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாம் மாதம் அண்ணி எலித் தொல்லையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, நேரம் முடிந்தது என்று காவலர் சொல்லும்வரை நிறுத்தவில்லை. உரிமம் இல்லாத மூன்று ஆண்டுகளும் மெக்கானிக் மாடிகளுக்கு அரிசி மூட்டை சுமந்தார், படிக்கட்டு வழியாக. பிறகு பழைய தொழிலுக்குத் திரும்பினார். ஒரு லிஃப்ட்டைச் சோதிக்க மற்றவர்களுக்கு அரைமணி என்றால் அவருக்கு அரைநாள் ஆனது. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

இப்போது ஊரில் ஏறக்குறைய முப்பது பேரிடம் தங்கம் இருக்கிறது. தகுதி பார்த்து ஒரு பட்டியல் போட முயன்று பாதிரியார் கைவிட்டுவிட்டார். தலைமையாசிரியைக்கும் வந்தது, பசை தடவுவதை நிறுத்திய பல மாதம் கழித்து, குதிகாலில். சென்ற வாரம் ஊருக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண்மணி கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தார். தன் மூக்கில் சட்டத்தைப் பொருத்திய கையைப் பார்த்து அசந்துபோய், எங்கே வாங்கியது என்று கேட்டார்.

“வாங்கலைங்க. எங்க கொழுந்தன்கிட்டேருந்து ஒட்டிக்கிச்சு,” என்றார் அண்ணி. “கடைசி வரி எழுத்துத் தெரியுதா, படிங்க.”