மருமகளுக்கு வயது ஐம்பத்து மூன்று

…வாயில் சனி, வேறென்ன, மருமகளுக்கு என்ன வயது என்று கேட்டால் இருபத்தெட்டு என்று சொல்லத் தெரியாதா, போன வாரம்தானே சுஜாதாவுக்குக் கேக் வெட்டினோம், அப்படியிருந்தும் ஐம்பத்து மூன்று என்று தன் வயதை ஒப்பித்துவிட்டு நின்றாளே அம்சா, அந்த மருந்துக்கடைப் பெண் சிரித்திருந்தால்கூடத் தேவலை… சிரிக்கவில்லை. கையில் எடுத்த மாத்திரை அட்டையைத் திரும்ப டப்பாவுக்குள் வைத்தாள். திருக்கழுக்குன்றம் பஸ் நிலையத்தில் டவுன் பஸ் இன்னும் கிளம்பவில்லை, டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார், அம்சா ஜன்னலோரத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறாள். ஊரிலேயே வாங்கியிருக்கலாம்தான், ஆனால் கண்ணாயிரம் கடையில் ஒரு பேதி மாத்திரை வாங்கினால்கூட வீடு வந்து சேர்வதற்குள் யாருக்கு வயிறு சரியில்லை என்று தெருவே விசாரிக்கும். அதற்காகத்தானே பஸ் ஏறி இங்கே வந்தது, வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது. நாளைக்கு கூழ் ஊத்தறோம்மா, மருமகளுக்கு நாள் தள்ளிப்போவணும், மாத்திரை குடு… அதுவரை சரியாகத்தான் போயிற்று. இன்னும் வரலையா, வந்துடுச்சா, வந்த பொறவு போட்டா நிக்காதே என்று அந்தப் பெண் கேட்டதும்தான் நாக்கு குழறியது. வந்துகினும் நின்னுகினும் கீதும்மா, பங்குனியில இருந்தே இப்படித்தான்… அவங்களுக்கு இன்னா வயசுங்க? அவ்வளவுதான், குட்டு உடைந்தது.

நாளைக்கு ஆடி ஞாயிறு. கங்கையம்மனுக்குப் போகிற முதல் கூழ்க்குடத்தை அவர்கள் தெருவில் கண்டவரும் தூக்கிவிட முடியாது, மாதவிலக்கு நின்றுபோன சுமங்கலிதான் தூக்க வேண்டும், அதுவும் பெரியவர்கள் கூடிப் பேசிச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்சா பின்னால்தான் நடந்திருக்கிறாள். சில ஆடியில் பின்னால் நடக்கவும் கொடுப்பினை இல்லை, தனித் தட்டும் தனிச் சொம்புமாகப் பின்கட்டில் உட்கார்ந்து பம்பைச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள், பாழாய்ப்போன இந்த உடம்புக்கு வேறு நாளே கிடைக்காதா என்று வைதுகொண்டே. இந்த வருஷம் எல்லப்பன் சம்சாரம் தூக்கட்டும் என்று பெரியவர்கள் சொன்ன அன்றைக்கு, சிறுசேரி கம்பெனிக்கு வேன் ஓட்டுகிற எல்லப்பன், பெண்டாட்டிக்குப் பூ வாங்கவே நாலு முறை நினைவூட்ட வேண்டிய மனுஷன், தானாகப் போய் மஞ்சள் புடவை எடுத்துக்கொண்டு வந்தான். இன்னாமே, இனிமே உன்னைக் கையில புடிக்க முடியாது போலகீதே என்றான். அந்தப் புடவை மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கிறது.

ஆனால் விலக்கு நின்றபோது அழுதாளே, அது யாருக்குத் தெரியும்? மார்கழிக் குளிரில் உடம்பு தீயாய் எரிந்து, ஃபேனை முழு வேகத்தில் வைக்க, பக்கத்தில் எல்லப்பன் போர்வைக்குள் வெடவெடத்தது ஊருக்கெல்லாம் சிரிப்பாக இருந்தது. காரணமில்லாமல் கோபம் வந்தது, காரணமில்லாமல் கண்ணீர் வந்தது, சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டாள். அப்புறம் எல்லாம் அடங்கிப் போயிற்று, ஒரு வருஷத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. பங்குனியில் திரும்பக் கறையைப் பார்த்தபோது… சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷப்பட்டாள். கதம்பம் வாங்கி வைத்துக்கொண்டாள், கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள், உடம்பு நம்மை அம்போவென்று விட்டுவிடவில்லை என்று நினைத்தாள். குடமும் வேண்டும், அதுவும் வேண்டும். பேராசைதான், வேறென்ன சொல்வது.

பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் மகளிர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தப் பெண் கடையில் ஆள் ஒழியும் வரை காத்திருந்துதான் சொன்னாள், அதைச் சொல்ல வேண்டும், நல்ல பெண். நின்னு வருஷம் ஆன பொறவு வந்தா அது மாசாமாசம் வர்றது இல்லீங்கம்மா, அது வேற, முக்காவாசி பேருக்குச் சின்ன விஷயமாத்தான் இருக்கும், ஆனா பாக்காம வுடக்கூடாது, லேடி டாக்டராண்ட காட்டி ஸ்கேன் எடுத்துப் பாத்துடணும். கடைசியில், உங்க மருமகளாண்ட மறக்காம சொல்லிடுங்க என்றாள், அம்சாவின் மானத்தைக் காப்பாற்றி. அது வேற என்றால் எது? முக்கால்வாசிப் பேர் போக மீதிப் பேருக்கு? கேட்டிருக்கலாம், கேட்காமல் வந்து பஸ் ஏறிவிட்டாள். வயலில் நடவு முடிந்து தண்ணீர் நிற்கிறது, கொக்குகள் பாட்டுக்கு மேய்கின்றன, அடிவயிற்றில் கையை வைத்துப் பார்க்கிறாள், வலியா, இல்லை, எப்போதும் போலத்தான் இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

போன் அடித்தது. சுஜாதா. நாவலூர் ஆபீசில் வேலை, சனிக்கிழமை என்பதால் இன்றைக்கு வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கிறாள். எங்க கீறீங்க அத்த, கேழ்வரகு மாவு கரைச்சாச்சு, மாமா உங்களைத் தேடிகினு கீறாரு. தோ வந்துகினே கீறேன் என்று வைத்திருக்கலாம். வைக்கவில்லை. திங்கக்கெழம உனக்கு லீவு கெடைக்குமாம்மா என்றாள். எதுக்கு அத்த? ஆஸ்பத்திரிக்கு, எனக்குத்தான். இன்னா பண்ணுது அத்த, சொல்லுங்க. பக்கத்து சீட்டு அம்மாள் முருங்கைக்கீரையை ஆய்வதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். வூட்டுக்கு வந்து சொல்றேன் என்றாள் அம்சா. சொல்லத்தான் போகிறாள், அது முடிவாகிவிட்டது. லீவு போட்டுடறேன் என்ற சுஜாதா, தயங்கி, நாளைக்குக் கொடம் தூக்குவீங்கல்ல அத்த என்றாள்.

தூக்குவேனா? அது விலக்கு இல்லையென்றால் தீட்டு எங்கே வந்தது? தீட்டு இல்லையென்றால் தூக்காதே என்று யார் சொல்ல முடியும், பெரியவர்களும் சொல்ல முடியாது, அம்மனும் சொல்ல முடியாது. மாத்திரை கிடைக்காவிட்டால் என்ன, தாராளமாகத் தூக்கலாம், இனி எந்த ஆடியிலும் தூக்கலாம், வாசல் அகலத் திறந்துதான் கிடக்கிறது… பஸ்ஸில் யாரோ மணியடித்தார்கள், யாரோ இறங்கினார்கள். தூக்குவேம்மா என்று சொல்ல வாயெடுத்த அம்சா, வாழ்நாளில் முதல் தடவையாக, கடவுளே, இது வெறும் தீட்டாகவே இருந்துவிடக்கூடாதா என்று வேண்டிக்கொண்டிருப்பதைக் கண்டாள்.