நாத்தனார் சொன்ன சாட்சி

"வீட்ல சமையல் யாரு?" என்று மருத்துவர் கேட்டார்.

"நான்தான் சார்," என்றாள் ஜாக்குலின்.

"பாப்பாவ ஸ்கூலுக்கு அனுப்பறது?"

"அதுவும் நான்தான்."

செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அவள் வந்தது மனநோய்க்கான ஊனச் சான்றிதழ் கேட்டு. அது கிடைத்தால் மாத உதவித்தொகைக்கு மனுக் கொடுக்கலாம். ஓட்டல் வேலைக்குப் போக முடியாமல் ஆன பிறகு அவளுக்கு வேறு வழியில்லை. ஆனால் பிரிந்துபோன கணவன் முத்துசாமி, மகள் ஜெபாவைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போயிருந்தான். முடியாதவள் என்று இங்கே எழுதிவிட்டால், அதையே அங்கே காட்டிப் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வான் என்று பயந்தாள். வீட்டு நிலவரம் தெரிந்த ஒருவரை அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். மாமல்லபுரத்தில் அவளுக்கு இருந்தது நாத்தனார் மேரி மட்டும்தான். முத்துசாமியின் அக்கா.

"எல்லாம் நீங்களே பண்றீங்கன்னா எதுக்கும்மா வந்தீங்க?" என்றார் மருத்துவர், கோபமில்லாமல்.

ஜாக்குலின் தலையைக் குனிந்துகொண்டு ஜெபித்தாள். மேரி வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் ஜெபித்தாள்.

மேரி திறந்தாள்.

"பொய் சொல்லுது சார். சில நாளு அழுதுகினே பாயில கெடக்கும். தல சீவாது. சோறு இன்னா, தண்ணியே எறங்காது."

ஜாக்குலின் கண்களை மூடிக்கொண்டாள்.

"ஆனா அப்பிடி ஆவற அன்னிக்கு, விடியறதுக்குள்ள எனக்கு போன் வந்துடும். 'அண்ணி, இன்னிக்கு முடியல, பாப்பாவ பாத்துக்கோங்க'ன்னு. என் தூக்கம் போச்சு. நான் போயி இட்லி ஊட்டி ஜடை போட்டு வுடுவேன். என் ஜடை புடிக்கலன்னு அந்த வாண்டு மூஞ்சியத் தூக்கிக்கும். புள்ள ஒரு நாளும் பட்டினியா ஸ்கூலுக்குப் போனது கெடயாது சார்."

மருத்துவர் சிரித்துவிட்டார். பிறகு எழுதினார். எழுதியதை ஜாக்குலினுக்குப் புரியும்படி சொன்னார்: நோயால் வேலைக்குப் போக முடியவில்லை; முடியாத நாளில் தானே உறவினரை அழைத்துக் குழந்தையைக் கவனிக்க ஏற்பாடு செய்கிறார்.

"ரெண்டும் உண்மைதானேம்மா?"

ஜாக்குலின் தலையசைத்தாள்.

மாத்திரை வாங்கும் வரிசையில் நிற்கும்போது மெதுவாகக் கேட்டாள். "அண்ணி, இதையே கோர்ட்டுல சொல்வீங்களா? அவர் எதிர்ல?"

மேரி இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி அவன்.

"சொன்னா அப்புறம் என் வூட்டு வாசல மிதிக்க மாட்டான்," என்றாள். "போறான். கர்த்தர் முன்னாடி ஒண்ணு, ஜட்ஜு முன்னாடி ஒண்ணு பேச எனக்கு வராதுடி. தேதியச் சொல்லு."

ஜாக்குலின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேதியைச் சொன்னாள்.