மூன்று நிமிட ஆட்டக்காரி

மூன்று நிமிடத்தில் உருப்படியாக என்ன செய்ய முடியும் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள். ஊற்றிய டீகூட ஆறாது. அந்த மூன்று நிமிடத்தில் ஒரு முழு செஸ் ஆட்டத்தை ஆடி, தோற்று, அடுத்ததையும் ஆரம்பித்துவிடுகிற பெண்ணோடு பதினோரு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

என் பெயர் நாகேந்திரன். ஆந்திர எல்லையில் இருக்கிற சத்தியவேட்டில் போர்வெல் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். ஒரு சுற்று பிசகினாலும் மோட்டார் புகைந்துவிடும் என்பதால் நிதானமாகத்தான் கட்டுவேன். “உன்கிட்ட மோட்டார் குடுத்தா பயிரு காஞ்ச பொறவுதான் திரும்பி வரும்” என்று விவசாயி முனியப்பன் கடை வாசலில் நின்று கத்தினார். கத்தட்டும். நான் கட்டிய மோட்டார் எதுவும் ரிப்பேர் என்று திரும்பி வந்ததில்லை. முனியப்பனும் திரும்பி வரவில்லை, அது வேறு விஷயம்.

செஸ்ஸிலும் நான் அப்படித்தான். ஒரு குதிரையை நகர்த்துவதற்கு முன் அதன் பூர்வோத்தரத்தையே யோசிப்பேன். கல்யாணமான புதிதில் சுமித்ராவுக்குக் காய் நகர்த்தச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். அதற்குப் பிறகு அவள் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தாள். காருக்குப் போகிற ஒயர் செட்டுகளைச் சோதிக்கிற லைன். ஒரு செட்டுக்குப் பதினாறு விநாடி. கம்பெனி பஸ்ஸில் போக அரைமணி, வர அரைமணி. அந்த ஒரு மணி நேரத்தில் போனில் பத்து ஆட்டம் ஆடிவிடுவாள். சாயங்காலம் குக்கர் விசில் வருவதற்குள் இன்னும் மூன்று.

“இப்டி ஆடினா கைதான் பழகும், மூள பழகாது” என்று சொல்லிச் சொல்லி எனக்கே தொண்டை வற்றிவிட்டது.

அவள் ஒரு நாள் திருப்பிக் கேட்டாள். “ஒரு நாளிக்கி பத்து ஆட்டம் தோக்கறேன் மாமா. நீ மாசத்துக்கு ஒண்ணு தோக்கற. யாரு நெறய கத்துக்குவா?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அது போன தீபாவளிக்கு. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் திருப்பதியில் பெண்களுக்கான தேர்வுப் போட்டி என்று வாட்ஸப்பில் வந்தது. சித்தூர், திருப்பதி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து. முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் விஜயவாடாவில் மாநிலப் போட்டிக்குப் போகலாம். ஆளுக்கு ஒரு மணி நேர ஆட்டம். சுமித்ரா அதை நான்கு தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“கம்பெனில நானு முந்நூத்திப் பதினெட்டாம் நம்பரு. சூப்பர்வைசருக்கு எம்பேரு இன்னான்னே தெரியாது. ஒருவாட்டி எம்பேரு மைக்குல வரணும் மாமா.”

சரி, போகலாம் என்றேன். இருந்தாலும் வாத்தியார் புத்தி விடுமா? ஒரு நிபந்தனை போட்டேன். ஒரு மாதத்துக்கு மூன்று நிமிட ஆட்டம் கிடையாது, தினமும் என்னோடு ஒரு மணி நேர ஆட்டம். என் கண்ணெதிரிலேயே போனிலிருந்து அந்த ஆப்பை அழித்தாள். இரண்டு நாள் அவள் கட்டைவிரல் சும்மா இருக்க முடியாமல் புடவைத் தலைப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

முதல் வாரம் நான் யோசிக்கிற நேரத்தில் அவள் துவரம்பருப்பில் கல் பொறுக்கினாள். நான் ஜெயித்தேன். இரண்டாவது வாரம் பருப்புத் தட்டை ஒதுக்கி வைத்தாள், அப்போதும் நான்தான் ஜெயித்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து தோற்க ஆரம்பித்தேன். நிதானம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது என்று கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். மோட்டார் எங்கே என்று கேட்டவர்களிடமும் அதையே சொன்னேன்.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஐந்து சுற்று. சனிக்கிழமை நான்கு முடிந்ததில் சுமித்ராவுக்கு மூன்று ஜெயம், ஒரு தோல்வி. சித்தூர் மோனிகா என்கிற கல்லூரிப் பெண் நான்கையும் ஜெயித்து எட்டாத உயரத்துக்குப் போய்விட்டாள். மிச்சம் இருந்தது இரண்டாவது இடம். ஞாயிறு காலை கடைசிச் சுற்றில் சுமித்ராவுக்கு எதிரே பத்மினி; கணக்கு லெக்சரர், அவருக்கும் மூன்று ஜெயம், ஒரு தோல்வி; பலமானவர்களோடு மோதிய கணக்கில் மட்டும் ஒரு படி மேலே. சுமித்ரா ஜெயித்தால் விஜயவாடா. ஆட்டம் சமன் ஆனால்கூட பத்மினிக்குத்தான் விஜயவாடா.

கூட வந்தவர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. சுமித்ரா தலையைத் தூக்கினால் நேரே நான் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன்.

பன்னிரண்டாவது நகர்த்தலுக்கு என் பெண்டாட்டி பதினைந்து நிமிடம் யோசித்தாள். எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவரின் விலாவில் இடித்து, “நம்ம டிரெய்னிங்” என்றேன். அவர் நகர்ந்து நின்றுகொண்டார். அடுத்த நகர்த்தலுக்கு இன்னொரு பத்து நிமிடம். அதற்கடுத்ததற்கும் அப்படியே. அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்மினிக்கு இருபத்திரண்டு நிமிடம் பாக்கி. சுமித்ராவுக்கு மூன்று. பலகையில் பாதிக் காய்களுக்கு மேல் அப்படியே நின்றன.

கட்டி முடிக்காத மோட்டாரோடு விவசாயியைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. போயே போச்சு என்று நினைத்தேன், அதற்குக் காரணம் நான்தான் என்பதும் தெரிந்தது.

அவளோ கடிகாரத்தில் மூன்று என்று பார்த்ததும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கட்டைவிரலை ஒருதடவை தேய்த்துக்கொண்டாள். அப்புறம் ஆடினாள் பாருங்கள்! டக், டக், டக். எடுக்கிறாள், வெட்டுகிறாள், அடிக்கிறாள். ஒன்றும் தப்பாகப் போகவில்லை. இருபத்திரண்டு நிமிடம் வைத்திருந்த பத்மினி மிரண்டுபோய்த் தானும் வேகமாக ஆட ஆரம்பித்தார். அவர் போன வேகத்தில் ஒரு யானை வீணாய்ப் போனது, பின்னாலேயே இரண்டு சிப்பாய்.

கடைசியில் பலகையில் மூன்றே காய்கள். சுமித்ராவுக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும். பத்மினிக்கு மூலையில் ஒதுங்கிய ராஜா மட்டும். சிப்பாய் இன்னும் ஒரு கட்டம் போனால் கடைசி வரிசை. அங்கே வேண்டிய காயாக மாற்றிக்கொள்ளலாம். சுமித்ராவுக்கு நாற்பது விநாடி இருந்தது. அவசரப்படாமல் பத்து விநாடி பலகையை உற்றுப் பார்த்தாள். பிறகு சிப்பாயைத் தள்ளினாள்.

சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டதும் என்னால் அடக்க முடியவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினேன். சத்தம் போடவில்லை. அடுத்த நொடி சுமித்ரா கடிகாரத்தை அடித்தாள்.

அடித்த கை அங்கேயே நின்றது. அவள் முகம் வெளிறியது. சிப்பாய் கடைசிக் கட்டத்தில் சிப்பாயாகவே நின்றுகொண்டிருந்தது. போனில் அது தானாக ராணி ஆகிவிடும். பலகையில் நாம்தான் சிப்பாயை எடுத்துவிட்டு வேறு காயை வைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கடிகாரத்தை அடித்து முறையை எதிராளிக்கு விட வேண்டும்.

நடுவர் சுரேஷ்பாபு வந்தார். “மாத்தாம க்ளாக் அடிச்சிட்டீங்கம்மா. ரூல் பிரகாரம் அது ராணிதான்.”

“சார், எனக்கு யானை வேணும் சார்.”

“லேதம்மா. ராணி மட்டுந்தான்.”

யானையா? இவளுக்கு என்ன ஆயிற்று, ராணி இருக்கும்போது யாராவது யானை கேட்பார்களா என்று நான் நினைத்தேன். நடுவர் தன் கையாலேயே ராணியை வைத்தார். தவறான நகர்த்தலுக்குத் தண்டனையாகப் பத்மினிக்கு இரண்டு நிமிடம் கூடக் கொடுத்தார். பத்மினிக்கு அதில் ஒரு விநாடிகூடத் தேவைப்படவில்லை. அவர் ராஜாவுக்கு செக் இல்லை, ஆனால் நகர ஒரு கட்டமும் இல்லை. எல்லாக் கட்டத்தையும் ராணி அடைத்துவிட்டது. அப்படி ஆனால் ஆட்டம் சமன். யானை என்றால் ஒரே ஒரு கட்டம் திறந்திருக்கும், அங்கே போயிருந்தால் அடுத்த நகர்த்தலில் கதை முடிந்திருக்கும். இதை நான் கண்டுபிடித்தபோது இருவரும் கைகுலுக்கி எழுந்துவிட்டார்கள்.

மைக்கில் மோனிகா என்றார்கள், பத்மினி என்றார்கள். மூன்றாவது பெயர் வருவதற்குள் சாப்பாடு தயார் என்று அறிவித்துவிட்டார்கள். சுமித்ரா சாம்பார் சாதத்தை மென்றாளே தவிர விழுங்கினதாகத் தெரியவில்லை.

சத்தியவேடு பஸ்ஸில் வடமாலபேட்டை டோல்கேட் வரை வாயை மூடிக்கொண்டுதான் வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

“நான் இன்னா சொல்லிக்கினு இருந்தேன்? வேகமா ஆடினா கைதான் முந்தும்னு சொன்னேனா இல்லியா? ஒரு நொடி பொறுத்திருந்தா...”

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

“யானைதான்னு எனக்கு நாலு மூவுக்கு முன்னாலயே தெரியும் மாமா. சிப்பாய தள்ளிட்டு, ஓரத்துல கெடந்த யானைய எடுக்க கை போயிடிச்சி. அந்நேரம் தல நிமிந்தேன். நீ ரெண்டு கையயும் தூக்கிக்கினு நிக்கற. செயிச்சிட்டோம்னு நெனச்சிட்டேன். கை அதுபாட்டுக்கு க்ளாக்க அடிச்சிடுச்சி.”

பஸ் டோல்கேட்டைத் தாண்டியது. கண்டக்டர் யாரையோ தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்தார்.

“நீ ராணின்னுதான நெனச்ச?” என்று கேட்டாள்.

பொய் சொல்ல நேரம் இருந்தது. புத்தூர் வரைக்கும்கூட யோசித்திருக்கலாம்.

“ஆமா” என்றேன்.

இருபது வருடமாக நிதானம் நிதானம் என்று ஊருக்கே உபதேசம் செய்தவன், கயிற்றுக்கு வெளியே கடிகாரமே இல்லாமல் நின்றவன், அவள் நகர்த்தல் முடிகிறவரைகூடப் பொறுக்காமல் கையைத் தூக்கிவிட்டேன். அவள் பெயர் மைக்கில் வராமல் போனது என்னால்தான். அவமானமாக இருந்தது. அதைவிட அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “மன்னிச்சிடுமே” என்றேன்.

அவள் போனை எடுத்து அந்த ஆப்பை மறுபடி ஏற்றினாள். எந்த ஊர்க்காரனோ ஒருவனோடு ஆட்டம் ஆரம்பித்தது. மூன்று நிமிடம் ஓடத் தொடங்கியது. சிப்பாய் ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு.