நாலாவது தட்டு, இடது கைப் பக்கம்

ஆவணி முகூர்த்தக் கூட்டம் நெருக்கித் தள்ளும் நேரம் பார்த்து விண்ணரசியும் ஜூலியட்டும் சேர்ந்தாற்போல் லீவு கேட்டார்கள். வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம். தஞ்சாவூரிலிருந்து மூன்று நாள் நடை. என் கடையில் வேலை பார்ப்பதே அவர்கள் இரண்டு பேர்தான். மாதா விஷயத்தில் மறுத்துப் பேச எனக்குப் பயம். சரி என்று சொல்லிவிட்டு, மனசுக்குள் பொருமிக்கொண்டேன்.

கீழவாசலில் என்னுடையது மேட்சிங் சென்டர். புடவையைக் கொண்டுவந்தால் அதற்குப் பொருந்தும் ஜாக்கெட் துணியை எடுத்துக் கொடுப்போம். அப்பா இருந்தவரை வெள்ளை வேட்டியும் துண்டும்தான் விற்றார். பதினொரு வருஷத்துக்கு முன்னால் நான்தான் ஆசைப்பட்டு மாற்றினேன். அப்போது வேலைக்குச் சேர்ந்தவள் விண்ணரசி. யாராவது என்னிடம் துணி கேட்டால், "நீங்க உக்காருங்க மொதலாளி, நான் பாக்குறேன்" என்று ஓடி வருவாள். என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டு கல்லாவில் உட்காருவேன். எதிர் டீக்கடை ராம்கியிடம் இதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அவர்கள் கிளம்பிய அன்று எட்டுப் பேருக்கு நானே துணி வெட்டிக் கொடுத்தேன். இது என்ன பெரிய வித்தை, இதற்கா இரண்டு ஆள் என்று தோன்றியது. மறுநாள் காலையில் அந்த எட்டில் ஐந்து பேர் துணியோடு திரும்பி வந்தார்கள்.

ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி திட்டினாள். கடைசியாக வந்தவர் தங்கமணி அம்மா. மகள் கல்யாணத்துக்கு உறவுக்காரர்களுக்கெல்லாம் சேர்த்து முப்பது ஜாக்கெட் துணி எங்களிடம் எடுப்பதாகச் சொல்லியிருந்தவர். மகளின் முகூர்த்தப் புடவையையும் நான் வெட்டிக் கொடுத்த துணியையும் மேஜையில் விரித்தார்.

"அரக்குப் புடவைக்குப் பச்சைத் துணி குடுத்திருக்கீங்க. சாயங்காலத்துக்குள்ள டெய்லர் கேக்குறாரு. முடியாதுன்னா சொல்லிடுங்க, முப்பதையும் வேற கடையில பாத்துக்குறேன்."

இரண்டையும் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. டியூப்லைட் கோளாறு என்றேன். வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்தேன். அங்கேயும் அப்படியேதான் இருந்தன. ராம்கியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் துணியை விட என் முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்தான். "பச்சைதாண்ணே" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு என்னைக் கிண்டல் செய்கிறார்களா? சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பேன், கீழே எரிந்தால் போவேன். ஐம்பத்திரண்டு வயது வரை நிறத்தைப் பற்றி அதற்கு மேல் நான் யோசித்ததே இல்லை. முப்பது துணி போனால் போகட்டும், கீழவாசல் முழுக்க என் பெயர் நாறிவிடும் என்று பயந்தேன்.

விண்ணரசிக்குப் போன் செய்தேன். நீடாமங்கலம் தாண்டி நடந்துகொண்டிருந்தாள். பின்னால் கூட்டமாக ஜெபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. துணி மாறிப்போச்சு என்றேன். எப்படி மாறியது என்று அவள் கேட்கவே இல்லை. போனைத் தங்கமணி அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். அவரிடம் புடவையைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு மறுபடி என்னிடம் பேசினாள்.

"நாலாவது தட்டு, இடது கைப் பக்கம். ஓரத்துலேர்ந்து மூணாவது. அத எடுங்க மொதலாளி."

எடுத்தேன். தங்கமணி அம்மா புடவை மேல் வைத்துப் பார்த்து, இதுதான் இதுதான் என்றார். வெட்டிக் கொடுத்தேன். உறவுக்காரர்களுக்கான முப்பதையும் விண்ணரசி திரும்பி வந்த பிறகு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கத்தரிக்கோலும் கையுமாக அப்படியே நின்றேன். ரெண்டாவது தட்டு மொதலாளி, ஜன்னலோரம் இருக்கறது மொதலாளி, உங்க தலைக்கு நேர் மேல மொதலாளி. பதினொரு வருஷத்தில் அவள் என்னிடம் ஒரு நிறத்தின் பெயரைக்கூடச் சொன்னதில்லை.

கொடியேற்றம் பார்த்துவிட்டு இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பினார்கள். பாதம் வீங்கி, செருப்புப் போட முடியாமல் வேலைக்கு வந்தாள் விண்ணரசி. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரிகிறது என்பது எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன்.

"சேந்த மொத வாரமே தெரியும். ஜூலியட் வந்த அன்னிக்கே அவகிட்டயும் சொல்லிட்டேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "ஆசையா தொறந்த கடை. சொன்னா மூடிடுவீங்களோன்னு பயந்தேன்."

கோபப்படுவதா, வெட்கப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. நன்றி என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. முதலாளியாகவே பேசிப் பழகிய வாய், அதை வெளியே விடவில்லை. இத்தனை வருஷம் என்னை உட்கார வைத்துவிட்டு அவர்கள் நின்றுகொண்டே இருந்திருக்கிறார்கள். உட்கார ஒரு பலகைகூட நான் போட்டதில்லை.

மத்தியானமே போய் இரண்டு ஸ்டூல் வாங்கி வந்தேன். மங்களகரமாக இருக்கட்டும் என்று நல்ல சிவப்பாகப் பார்த்து எடுத்தேன். கடைக்காரரிடம் நிறத்தைக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை.

"செவப்பு ஸ்டூல் வாங்கியிருக்கேன். ரெண்டு பேரும் உக்காருங்க" என்றேன்.

ஜூலியட் விண்ணரசியைப் பார்த்தாள். விண்ணரசி ஸ்டூலைப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு மொதலாளி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அந்த ஸ்டூல் என்ன நிறம் என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.