சாமி அலமாரியில் இரண்டு பொட்டலம்

பரீட்சை திங்கட்கிழமை. பூமாரி வெள்ளிக்கிழமையே அந்தத் தப்பைச் செய்துவிட்டாள். செய்தபோது அது தப்பாகத் தெரியவில்லை. பக்தி என்றுதான் நினைத்தாள்.

ராஜபாளையம் ரோட்டில் மூடிக் கிடந்த தறிக்கொட்டகையில் மூன்று மாதமாக நடக்கும் பயிற்சி. வெளியூரிலிருந்து லாரியில் வரும் தங்கக்கல்லை இங்கேயே அரைத்து, அலசி, பொன்னைப் பிரிக்கும் ஆலை ஒன்று சங்கரன்கோவிலுக்கு வரப்போகிறதாம். தேறினால் அதில் வேலை. தேறாவிட்டால் ஆறு வயது மாலாவை விட்டுவிட்டுப் பழையபடி திருப்பூர் பனியன் கம்பெனி. ஒரு வருஷம் அப்படி இருந்து பார்த்தாயிற்று. பிள்ளை தன்னைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட அன்றைக்கே, இனிப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

சொல்லிக்கொடுத்த பாண்டியராஜன் இருபது வருஷம் சுரங்கத்து ஆலையில் உழைத்தவர். முதல் நாளே ஒரு பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக் காட்டினார். அதன்மேல் சிவப்பில் மண்டையோடு.

"இந்தப் பொடியில தங்கமும் இருக்கு, பாஷாணமும் இருக்கு. கல்லுக்குள்ள ரெண்டும் ஒண்ணாத்தான் கெடக்கும். கை கழுவாம ஒரு வாய் தண்ணி குடிக்கப்பிடாது. கொட்டகைய விட்டு ஒரு துளி வெளிய போவப்பிடாது, கேட்டியளா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்று மாதத்தில் யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. வராத ஆபத்துக்கு மனுஷி எத்தனை நாள்தான் பயப்படுவாள்?

வெள்ளிக்கிழமை, பரீட்சைக்கென்று ஆளுக்கொரு கவர் கொடுத்து, கொட்டகையிலேயே அவரவர் பெட்டியில் வைக்கச் சொன்னார். பூமாரி தன்னுடையதைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். ஹால் டிக்கெட்டைச் சாமி முன்னால் வைக்காமல் எந்தப் பிள்ளை பரீட்சைக்குப் போகிறது? இதுவும் அப்படித்தானே.

வீட்டுக்கு வந்து சாமி அலமாரியைத் திறந்ததும் கை தயங்கியது. கோமதியம்மன் படத்துக்கு முன்னால் மண்டையோடா? அதுவும் வெள்ளிக்கிழமை! பொடியை நியூஸ் பேப்பரில் கொட்டி அழகாக மடித்து, அம்மனுக்கு வலப்பக்கம் வைத்தாள். கவரைப் பைக்குள்ளேயே சொருகினாள்.

இடப்பக்கம் ஏற்கெனவே ஒரு பொட்டலம் இருந்தது. கோயில் புற்றுமண். மாலாவுக்கு வயிற்று வலி. இந்த ஊரில் வயிற்று வலிக்கு முதலில் புற்றுமண், அப்புறம்தான் டாக்டர். காலையில் ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது, ராத்திரித் தறி ஓட்டிவிட்டு வரும் புருஷன் சண்முகையாவின் வேலை.

"எடப்பக்கம் இருக்கது பாப்பாவுக்கு. வலப்பக்கம் என் பரீட்ச மண்ணு. தொட்டுராதீங்க."

"சரிட்டி, சரிட்டி."

தொடத்தான் செய்தான். சனிக்கிழமை காலையில் எறும்பு ஏறுகிறதென்று இரண்டையும் எடுத்துக் கீழே வைத்து, அலமாரியைத் துடைத்து, திரும்ப வைத்தான். தூக்கக் கலக்கம். எது எந்தப் பக்கம் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். திங்கட்கிழமை காலையில் பாயை விட்டு எழவில்லை. பூமாரி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆனால் மணி எட்டரை. இருட்டு அலமாரியில் கைவிட்டு வலப்பக்கப் பொட்டலத்தை எடுத்து, கவரில் கொட்டிக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டியபடியே சொன்னாள்:

"புத்துமண்ண இன்னைக்குக் கொஞ்சம் கூடப் போட்டுக் குடுங்க."

அவளேதான் சொன்னாள்.

கொட்டகையில் அவள் முறை வந்தது. பொடியை அரிதட்டில் கொட்டி, தண்ணீர் விட்டுச் சுழற்றினாள். லேசான மண் வழிந்து போகும், கனமான கருமணல் அடியில் தங்கும், அதன் ஓரத்தில் பொன் மின்னும். நூறு தடவை செய்து பழகிய கை. இன்று தட்டில் எதுவுமே தங்கவில்லை. எல்லாம் கூழாகக் கரைந்து ஓடியது. கலங்கிய தண்ணீரில் ஒரு கரையான் இறகு மிதந்தது.

பாண்டியராஜன் குனிந்து பார்த்தார். "எம்மா, இது புத்துமண்ணுல்லா? நான் தந்த பொடி எங்க?"

அரைத்த கல்லில் கரையான் ஏது? தட்டு அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. ஈரக்கையோடு போனை எடுத்தாள். நான்கு தடவை மணி அடித்த பிறகுதான் சண்முகையா எடுத்தான்.

"பாப்பாவுக்குக் குடுத்தீங்களா?"

"குடுத்தாச்சு. நீ சொன்ன மாதிரி கூடத்தான் போட்டேன். மூணு நாளாக் குடுக்குதேன், வலி ஒண்ணுங் கேக்க மாட்டேங்கு. இப்ப அசந்து தூங்குதா. எழுப்பி இன்னும் கொஞ்சம் குடுக்கவா?"

"ஐயோ, குடுக்காதீங்க! பிள்ளயத் தூக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுங்க! அது வெசங்க!"

அந்தப் பக்கம் "மாலா, ஏ மாலா" என்று அவன் உலுக்குவது கேட்டது. மாலாவின் குரல் கேட்கவில்லை.

பூமாரி வாசலுக்கு ஓடினாள். பாண்டியராஜன் பின்னாலேயே ஓடிவந்து, அவள் ஏறிய ஆட்டோவுக்குள் அந்தக் காலிக் கவரைத் திணித்தார்.

"இதக் கொண்டு போம்மா. என்னத்தத் தின்னான்னு டாக்டர் கேப்பாரு. மொதல்ல இதத்தான் காட்டணும்."

சாமி முன்னால் வைக்கக் கூசிய மண்டையோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சீக்கிரம் போங்கண்ணே என்று கதறினாள் பூமாரி. ரதவீதி முக்கில் ஆட்டோ நின்றது. முன்னால் இரண்டு பஸ், நகர வழியில்லை.